பெரிய ஹெல்மெட்

இதை என் மனைவியிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

சென்ற குளிர்காலத்தில், லண்டனுக்கு வெளியே உள்ள உள்ளரங்கப் பனிச்சரிவுக்கு என் ஐந்து வயது மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். பனிச்சறுக்கை நானே பழக்குவதாகத் திட்டம். வளர்கிற பிள்ளைதானே என்று ஹெல்மெட்டை இரண்டு அளவு பெரிதாக வாங்கியிருந்தேன்.

சரிவின் மேலே நிறுத்தி, முழங்காலை மடக்கிக் குனியச் சொன்னேன். குனிந்தவள், "அப்பா, எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றாள்.

"பழகப் பழகத் தெரியும். பயப்பிடாமல் போங்கோ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டேன்.

அவள் திரும்பவேயில்லை. கீழே இருந்த மரவேலியை நோக்கி நேராகப் போனாள். "திரும்புங்கோ, ஆரணி!" என்று கத்திக்கொண்டு ஓடி, வழுக்கி விழுந்தேன். எழும்ப முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் குறுக்கே பாய்ந்து, அவளைக் கட்டிப்பிடித்தபடி பனியில் விழுந்தார்.

தவழ்ந்து போய்ப் பார்த்தேன். ஹெல்மெட் மகளின் மூக்குவரை இறங்கியிருந்தது. சறுக்கத் தெரியவில்லை என்று அவள் சொல்லவில்லை. கண் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெண் என்னை ஏசவில்லை, ஹெல்மெட்டை மெல்லக் கழற்றினார். ஆரணி என்னைப் பார்த்து, "அப்பா, நான் நல்லாச் செய்தனானா?" என்று கேட்டாள்.

நான் சொன்னால் இருட்டுக்குள்ளும் போய்விடுவாள் என்பது அன்றுதான் விளங்கியது. அதில் எனக்குப் பெருமை வரவில்லை. பயம்தான் வந்தது.