ரத்னவேல் கொடுத்த சம்மதம்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கும் ரத்னவேலைப் பார்த்தால் சீனர். வாயைத் திறந்தால் தமிழர். பிறந்த கையோடு ஒரு சீனக் குடும்பம் தத்துக் கொடுத்த பிள்ளை அவர். வளர்த்தவர்கள் தேக்கா வட்டாரத் தமிழர்கள். பெயர் வைத்து, காது குத்தி, தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்க வைத்தார்கள். அடையாள அட்டையில் மட்டும் 'சீனர்' என்பது அப்படியே நின்றுவிட்டது. அதை யாரும் சட்டை செய்யவில்லை, அவர் உட்பட. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் கடையில் நின்று அவரைத் தமிழிலேயே கிண்டல் செய்வார்கள். கடைசிவரை கேட்டுவிட்டு, ஆணி எத்தனை அங்குலம் வேண்டும் என்று நல்ல தமிழில் விசாரிப்பார். அவர்கள் முழிப்பதைப் பார்ப்பதில் மனுஷனுக்கு அப்படியொரு குஷி.

இந்த வருஷம் முழிப்பது அவர் முறையாயிற்று.

மகள் நிவேதிதா சட்டம் படிக்கிறாள். சட்டத் துறையில் இந்தியர்கள் இன்னும் பெருக வேண்டும் என்று ஓர் அறக்கட்டளை உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. அது கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். வந்த சிக்கல் இதுதான்: அப்பாவைக் கொண்டு அவளும் பதிவில் சீனர். அம்மாவின் இனத்துக்கு மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. அவளுக்கு இன்னும் இருபத்தொன்று ஆகவில்லை, பெற்றோர் சம்மதிக்க வேண்டும்.

அம்மா சாமுண்டீஸ்வரி தமிழர்தான், ஆனால் ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஆங்கிலமே பேசி வளர்ந்தவர். கோபம் வந்தால்கூட ஆங்கிலத்தில்தான் வரும். அந்த வீட்டில் தமிழ் என்று ஒன்று புழங்குகிறதென்றால் அது ரத்னவேலால்.

"நான் தமிழன்தானே?" என்று மகளைக் கேட்டார்.

"அதுல என்னப்பா சந்தேகம்?"

"அப்ப நீ தமிழா ஆகணும்னா என்னை ஏன்மா விடணும்?"

ரிஜிஸ்டர்ல மட்டும்தான்பா என்றாள் வருங்கால வழக்கறிஞர். இரண்டு நாள் படிவம் அவர் சட்டைப்பையிலேயே கிடந்தது. கோபமா, வருத்தமா என்று அவருக்கே பிடிபடவில்லை. யார் மேல் கோபப்படுவது? மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார்.

உபகாரச் சம்பளம் கிடைத்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு மண்டபத்தில் தேநீர் விருந்து. அறக்கட்டளைத் தலைவர் சாமுண்டீஸ்வரியைப் பார்த்துக் கைகூப்பி, மொழிப்பற்றோடு மகளை வளர்த்திருக்கிறீர்கள் என்று செந்தமிழில் மெச்சினார். அந்த அம்மாளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவைத்தார். பிறகு தலைவர் ரத்னவேலிடம் திரும்பினார். குழந்தைக்குச் சொல்வதுபோல ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசி, மனைவியின் பண்பாட்டுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்காக அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ரத்னவேல் தலையைத் தலையை ஆட்டினார். "தேங்க் யூ சார், தேங்க் யூ" என்றார். விருந்து முடியும்வரை வேறு ஒரு வார்த்தை வரவில்லை. வடையைக்கூடக் கையைக் காட்டித்தான் கேட்டு வாங்கினார்.

வெளியே வந்ததும் நிவேதிதா அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்பா வாயே தொறக்கல? நீங்க பேசியிருந்தா அவர் அசந்துபோயிருப்பாரு லா."

ரத்னவேல் அவளைக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"தமிழ் அம்மா பக்கம்னு எழுதிக் கொடுத்துத்தானே வாங்கினோம். நானும் தமிழ் பேசினா, பொய் சொல்லிட்டோம்னு நினைச்சிடுவாங்களோன்னு பயமாயிருச்சும்மா. எதைப் பேசினா உனக்குக் கெடைச்சது போயிடும்னே எனக்குத் தெரியல."

சட்டத்தில் இதற்கு என்ன பதில் என்று நிவேதிதாவுக்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை.