மூன்று உயிர்களுக்கு ஒரு வீடு

அறுபதுகளில் முரசுமோட்டையில் என்னோடு படிப்பித்த ஆங்கில வாத்தியார், எவர் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வீதிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒட்டிய கன்னம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. காடு வெட்டிக் குடியேறச் சொல்லி அரசாங்கம் தகப்பனுக்குக் கொடுத்த காணி கூப்பிடு தூரத்தில் இருக்க, அவர் வாடகை அறையில் இருந்தார்.

பெரிய வகுப்புக்கு விக்டோரியா மகாராணி காலத்து நாவலொன்றின் சுருக்கம் பாடமாக இருந்தது. காதல் கதை, நடுவில் ஒரு குடும்பம் வீடிழந்து, சட்டிபானையோடு தெருவுக்கு வருகிறது.

"உந்த ஊர் மெய்யாவே இருக்கோ, மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"ஊர் கற்பனை. வீடு போறது மெய். இங்கிலாந்திலை அந்தப் பக்கம் மூண்டு பேரின்ரை உயிருக்கெண்டு வீட்டை எழுதிக் குடுப்பினம். மூண்டு பேரும் செத்து முடிஞ்சா வீடு முதலாளிக்கு."

"அநியாயம்."

"அங்கை மூண்டு பேரெண்டாலும் எழுதினாங்கள். எங்கடை காணியைப் பிரிக்கேலாது. அரசாங்கம் தந்த அனுமதிப் பெமிற்றிலை, செத்தாப் பிறகு அடுத்த ஆளெண்டு ஒரு பேர்தான். ஐயா அண்ணன்ரை பேரை எழுதிப்போட்டுக் கண்ணை மூடிட்டார். காடு வெட்டேக்கை நானும்தான் நிண்டனான்."

"இதை வகுப்பிலை சொன்னனீங்களோ?"

"அங்கை இருக்கிறதுகள் எல்லாம் குடியேற்றக்காரற்றை பிள்ளையள். தேப்பன் ஆரின்ரை பேரை எழுதியிருக்கிறாரெண்டு அதுகளுக்கு இன்னும் தெரியாது. காதல் கதையெண்டே படிக்கட்டும்."

அது இரக்கமா வன்மமா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அந்த வருடம் சோதனையில் பிள்ளைகள் எல்லாரும் காதலைப் பற்றியே எழுதிச் சித்தியடைந்தார்கள்.