மாத்திரை போட்டும் போகாத பூச்சி

தொண்ணூறுகளின் கடைசியில், நான் பெங்களூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஜோகுபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று எங்கள் டாக்டரம்மா சோதித்துக்கொண்டிருந்தார். மாத்திரைக்கு முன்னால் ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து ஒரு தடவை பிள்ளைகள் டப்பியில் மலம் கொண்டுவர வேண்டும். அதிலுள்ள புழு முட்டைகளை எண்ணுவது என் வேலை.

டப்பியைக் கொடுத்த அன்று வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் ஒரு பையன் தன்னுடையதைக் கலர் பேப்பரில் சுற்றி, பிறந்தநாள் பரிசு மாதிரி நீட்டினான்.

இரண்டாம் தடவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். அநேகமாக எல்லா டப்பியிலும் முட்டைகள் காணாமல் போயிருந்தன. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியுடையதில் மட்டும் முன்பைவிட அதிகம். மாத்திரையை வாயில் அடக்கிவைத்து, வெளியே போய்த் துப்பியிருப்பாள் என்று நானே முடிவுகட்டினேன். மறுநாள் பள்ளிக்குப் போய், தனியாக அழைத்து அதட்டினேன்.

அவள் அழவில்லை. தரையைப் பார்த்தபடி, “அது என்னோடது இல்லக்கா. தங்கச்சியோடது” என்றாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“எங்களுக்கெல்லாம் மாத்திரை குடுத்தீங்க. அவ சின்னவ, இஸ்கூலுக்கு வர்றதில்ல. அவளுக்கும் தெனம் வயித்துவலிக்கா. அவளோடத பாத்தா அவளுக்கும் குடுப்பீங்கன்னு தான்.”

கணக்கைக் கெடுத்துவிட்டாளே என்று டாக்டரம்மா கோபிப்பார் என்று பயந்துகொண்டே அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று சாயங்காலமே மருந்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். மூன்று வயதுத் தங்கை அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். அக்காக்காரி இனிக்கும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தி, ஸ்பூனைத் தானே வாங்கி ஊட்டினாள். விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் இடுப்பில் குழந்தையோடு வந்துவிட்டார்கள். வந்த குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மருந்து கொடுத்துவிட்டுத்தான் டாக்டரம்மா கிளம்பினார்.

மறுநாள் அந்தப் பெண் தன்னுடைய டப்பியையே கொண்டுவந்தாள். இரண்டு முறை பார்த்தேன். ஒரு முட்டைகூட இல்லை. ஓடிப்போய்ச் சொன்னால், “தங்கச்சியோடது எப்பக்கா பாப்பீங்க?” என்கிறாள். மூன்று வாரத்தில் அதுவும் சுத்தமானது. கேட்டதும் அவள் வராந்தா முழுக்கக் குதித்துக் குதித்து ஓடினாள்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ டப்பிகளைப் பார்த்துவிட்டேன். எண்ணிக்கை ஒத்துவராதபோது யாரையும் அதட்டத் தோன்றுவதில்லை, அதன் பின்னால் யாருடைய பாசம் இருக்கிறதோ என்றுதான் தோன்றுகிறது.