வருஷம் முழுக்க ஸ்தோத்திரம்

மாலை நான்கு பத்துக்கு இரணியல் வளைவில் என் மகன் ஓட்டிய பைக் லாரியில் மோதியது. பின்னால் இருந்தவன் அவனுடைய கல்லூரித் தோழன். தக்கலை ஆஸ்பத்திரியில் அந்தத் தோழனின் தாய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் விரல்களில் ரப்பர் பால் கறை. உட்கார நாற்காலி கிடைத்ததற்கும், ஆறிப்போன சாயாவுக்கும் "ஸ்தோத்திரம்" என்றார்.

"இப்பவுமா அக்கா?" என்றேன்.

"நல்லது வந்தா மட்டும் சொன்னா அது யாவாரம்லா மக்கா. வருசம் முழுக்கச் சொல்லிப் பழகுன வாயி."

டாக்டர் வந்து என்னிடம், "உங்க பையன் கண் முழிச்சிட்டான்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்றார். எனக்கு இன்றுவரை வாயில் வராத சொல் அது.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்க பையனை எங்களால காப்பாத்த முடியல."