டெட்லைன் நாளில் நான் ஜெகனுக்குச் சொன்னது

ஜெகனின் மனைவிக்குக் கரு கலைந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவனைப் பிள்ளையில்லாதவன் என்று குத்தினேன். தெரியாமல் வாய் தவறிவிட்டது என்று இன்றுவரை எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் திருத்தவில்லை.

எதற்காகச் சொன்னேன் என்று கேட்டால் உங்களுக்கு என்மீது வெறுப்பு வரும். ஐஸ் ஹொக்கிக்காக... அதுவும் நான் ஒருநாளும் விளையாடியிராத ஹொக்கிக்காக.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு இது புரியும். எங்கள் நகரத்து அணி, எங்கள் ‘ரீம்’, குளிர்காலம் முழுதும் ஆசை காட்டும். வசந்தம் வந்ததும் தோற்றுப்போகும். மார்ச் மாதத்தில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள ஒரு கடைசி நாள் உண்டு. அதை நாங்கள் டெட்லைன் என்போம். அடுத்த கோடையில் ஓர் இளம் ஆட்டக்காரனை முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமையை, அதாவது ‘பிக்’கை, வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, இன்றைக்கே களமிறங்கக்கூடிய ஒருவனை வாங்கலாமா கூடாதா? இதுதான் ஆண்டுதோறும் எங்கள் சண்டை.

நான் கொடுக்கச் சொல்பவன். எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. நான் கண்மூடுமுன் ஒருமுறையாவது இந்த அணி கோப்பையைத் தூக்க வேண்டும். ஜெகன் கொடுக்காதே என்பவன். நகரத்தின் மல்வேர்ன் பகுதியில் இருக்கிறான், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், அண்ணை என்றுதான் கூப்பிடுவான். ஆனால் ஹொக்கி என்று வந்துவிட்டால் எனக்கு விட்டுத்தர மாட்டான். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்... பிடித்திருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை மாலை, அஜக்ஸில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்றபடி கைபேசியில் குறுஞ்செய்திகளால் ஜெகனோடு வாதாடிக்கொண்டிருந்தேன். என் மனைவி மாலினி கறிச் சட்டியை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஜெகன்ர சுதாவுக்கு இந்த முறையும் தங்கேல்லையாம். நாலாம் மாசம். ஜெகனிட்ட ஒண்டும் கேட்டுக்கீட்டுப் போடாதேங்கோ, அவை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“ஓம்” என்றேன். கண்ணைக் கைபேசியிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. ஜெகனுக்கு அனுப்பவென்று எழுதியிருந்த கேலியை அழித்தேன். அவ்வளவு தெளிவாகக் கேட்டிருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை டெட்லைன். மதியத்திலிருந்தே எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் கூடினோம்: நான், ஜெகன், எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான குமார் அண்ணை. ஜெகன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தான். முகம் சவரம் செய்யப்படாமல் இருந்தது. வீட்டில் இருக்க முடியாமல்தான் வந்திருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்க எனக்கு நேரமிருக்கவில்லை.

தொலைக்காட்சியில் நிபுணர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. மணிக்கணக்காக ஒன்றுமே நடக்கவில்லை! எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. ஜெகனோ நிதானமாக, முன்பு கைமாறிப்போன பிக் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்தான். அந்தப் பிள்ளைகள் இன்று வேறு ஊர்களில் எப்படி ஆடுகிறார்கள், நாங்கள் வாங்கிய கிழவர்கள் எத்தனை விரைவில் ஓய்ந்துபோனார்கள் என்று சொன்னான். எல்லாம் சரியாக இருந்தது.

“அண்ணைக்குப் பொறுமை இல்லை. அதுதான் பிரச்சினை” என்றான் கடைசியில். “சின்னப் பிள்ளையளை வளர விடவேணும். காத்திருந்தா வருவாங்கள்.”

குமார் அண்ணை சிரித்தார். “இண்டைக்கு உன்னை நல்லா மடக்கிப் போட்டான்” என்றார் என்னைப் பார்த்து.

அந்தச் சிரிப்புத்தான். வேறொன்றுமில்லை.

“பிள்ளையள், பிள்ளையள் எண்டு நிக்கிறாய்” என்றேன். “உன்ர வீட்டுக்கு வராத பிள்ளையை இந்த ரீமிலயாவது வளத்துப் பாக்கப் போறியோ?”

சொல்லும்போது குரல்கூட உயரவில்லை. எந்த இடத்தில் பட்டால் அவன் வாயடைத்துப் போவான் என்பது புதன்கிழமையிலிருந்தே எனக்குத் தெரிந்திருந்தது. நான் வென்றுவிட்டேன். ஒரு கணம்... அந்த ஒரு கணம் உள்ளே இனித்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் இனித்தது.

ஜெகன் ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு படியேறினான். குமார் அண்ணை அவன் பின்னால் ஓடினார். நான் தனியே இருந்தபோது திரையில் செய்தி வந்தது: எங்கள் அணி முதற்சுற்றுப் பிக்கைக் கொடுத்து ஓர் அனுபவசாலியை வாங்கிவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த மனிதர் வசந்தத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பனித்தரையில் விழுந்ததும், அணி வழக்கம்போலத் தோற்றதும் பிறகு நடந்தவை.

குமார் அண்ணை திரும்பி வந்து படியிலேயே அமர்ந்தார்.

“சுதாவுக்குப் பிள்ளை கலைஞ்சு போச்சாம். இந்தக் கிழமைதானாம். காருக்குள்ள இருந்து அழுறான்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “உனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாமக் கதைச்சிட்டாய், என்ன?”

யோசிக்க ஒரு நொடிகூட எடுக்கவில்லை நான். “ஐயோ, எனக்குத் தெரியாது அண்ணை” என்றேன்.

மாலினி இரவு கேட்டாள். “நான் சொன்னனான் எல்லே?”

“காதில விழேல்லை, மாலினி.”

“நீங்கள் போனோட நிக்கேக்க சொன்னது என்ர பிழைதான்” என்று அவள் அழுதாள். அவளையும் அழவிட்டேன்.

மறுநாள் மல்வேர்னுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அதுவும் பொய்தானோ? கதவைத் திறந்தவள் சுதா. முகம் வெளிறியிருந்தது, இருந்தும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஜெகன் தரையைப் பார்த்தபடி, “விடுங்கோ அண்ணை” என்றான்.

“தெரிஞ்சிருந்தா நீங்கள் அப்பிடிச் சொல்லியிருப்பியளோ, அண்ணா?” என்றாள் சுதா. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். பிள்ளையை இழந்தவள் என்னைத் தேற்றினாள்.

“இல்லை” என்றேன்.

அவர்கள் மன்னித்தது என்னையல்ல. தெரியாமல் பேசிய யாரோ ஒருவனை. அவன் ஒருபோதும் இருந்ததில்லை. இன்று போய் உண்மையைச் சொன்னால் அவர்கள் அந்தச் சொல்லை இன்னொருமுறை கேட்கவேண்டி வரும் என்கிறேன். அது இரக்கமா, கோழைத்தனமா? பிரித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஜெகன் வருவதை நிறுத்தவில்லை. இந்த மார்ச்சிலும் வந்தான். மாலினி சுடச்சுட மட்டன் ரோல்ஸ் பொரித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். குமார் அண்ணை, “என்ன ஜெகன், பிக்கைக் குடுக்கலாமோ?” என்று கேட்டார்.

“குடுக்கட்டும் அண்ணை. என்ன இருக்கு” என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்னடா கதைக்கிறாய்? குடுக்கக் கூடாது. பெடியளை வளர விடவேணும்” என்றேன். அவனுடைய வாதங்கள் எல்லாவற்றையும் நானே எடுத்துச் சொன்னேன், வேண்டுமென்றே பிழையாகவும் சொன்னேன், அவன் திருத்தட்டும் என்று... ஒருமுறை என்னை மடக்கட்டும் என்று.

“ஓம் அண்ணை, அதுவும் சரிதான்” என்றான் திரையைப் பார்த்தபடி.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குமார் அண்ணை மேலே போயிருந்தார். நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

“ரோல்ஸ் ஆறப்போகுது. எடு” என்றேன்.