ஆறு இரண்டாக ஓடிய படம்

எட்டாம் வகுப்பில் என்னிடம் ஐந்து கொப்பிகள் இருந்தன. தமிழ், கணக்கு, பூமிசாஸ்திரம், சுகாதாரம், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. சித்திரத்துக்குக் கோடில்லாத ஒன்று. தேயிலைத் தோட்டத்தில் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் வேறு எந்த வீட்டிலும் ஐந்து கொப்பி கிடையாது. எந்தப் பாடத்தை எந்தக் கொப்பியில் எழுத வேண்டும் என்பது தெரிந்திருந்த வரையில், படிப்பே எனக்குத் தெரிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

கடைசித் தவணையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு புது ஆசிரியர் வந்தார்; சேர் என்று கூப்பிடுவோம். வந்த இரண்டாவது வாரம், சுவரில் ஒட்டியிருந்த பாட நேரசூசியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். இனிப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தனித்தனிப் பாடம் இல்லை என்றார். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓடும் ஆற்றையும் அதன் இரண்டு கரைத் தோட்டங்களையும் நாங்களே அளந்து காகிதத்தில் வரைபடமாகப் போட வேண்டும். அதைப் பார்த்துக் களிமண்ணில் செய்ய வேண்டும். கயிறு பிடித்து அளப்பது கணக்கு. மலைகளுக்குப் பேர் வந்த கதையைக் கேட்டு எழுதுவது தமிழ். ஆற்றுத் தண்ணீரைப் போத்தலில் தெளியவைத்துப் பார்ப்பது சுகாதாரம்.

நான் எழுந்து, இதையெல்லாம் எந்தக் கொப்பியில் எழுதுவது என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை.

"எல்லாத்திலையும்தான் எழுதோணும்."

நான் அப்படியே எழுதினேன். ஆற்றின் அகலம் நாற்பத்தொரு அடி என்று ஐந்து கொப்பியிலும் எழுதினேன். சித்திரக் கொப்பியில் அந்த வரி மட்டும் தனியாக நின்றது. சேர் அதைப் பார்த்து ஒப்பம் வைத்தார். அவர் சொன்னது வேடிக்கைக்கா, நிஜத்துக்கா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

எனக்கு இது சரியான சமயம் அல்ல. என் வயதுப் பையன்கள் பாதிப் பேர் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வேலைக்கு நிற்கத் தொடங்கியிருந்தார்கள். என் பேரையும் பதிந்துவிடலாமே என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அப்பாவிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டார். அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், எழுத்து தெரியாது. வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைப்பார்கள், அன்றைக்கு வந்து நான் என்ன படித்திருக்கிறேன் என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக அவர் சொல்லியிருந்தார். ஐந்து கொப்பிகளையும் விரித்துக் காட்டுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். இப்போது காட்டுவதற்குக் கயிறும் களிமண்ணும் இருந்தன.

ஒரு சனிக்கிழமை நானும் வகுப்புப் பையன்கள் சிலரும் மூன்றடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றோடு எங்கள் லயத்தை அளந்தோம். பக்கத்துக் காம்பராக்காரர் வாசலில் குந்தியிருந்து கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, ஒம்மவன் லயத்த அளக்குறான். தொரைக்குத் தெரியாம விக்கப் போறானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் உள்ளே போய்விட்டார். அன்று மாலை என் நகக்கண்ணில் களிமண்ணைக் கண்ட அம்மா, மண்ணில் கை வைக்காமல் இருக்கத்தானே பள்ளிக்கூடம் அனுப்புகிறோம் என்றாள். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படம் போடும் வேலையை இரண்டாகப் பிரித்திருந்தார் சேர். ஆற்றுக்கு இந்தக் கரை எங்கள் தோட்டம், அது எனக்கும் என் கூட்டத்துக்கும். அந்தக் கரைத் தோட்டத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி அவர்கள் பக்கத்தைப் போட்டாள். கணக்கில் அவள் என்னை எப்போதும் முந்துவாள். இரண்டு பேரும் படத்தை ஒருவருக்கொருவர் காட்டவில்லை.

படங்கள் முடிந்ததும், அவளுடையது மேலே, எங்களுடையது கீழே என்று தரையில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஆறு இரண்டு இடத்தில் ஓடியது. அவளுடைய ஆறு அவள் தாளின் அடியில். எங்கள் ஆறு எங்கள் தாளின் அடியில். நடுவே எங்கள் மலை முழுவதும் நின்றது. அதோடு அவள் ஆறு வலப்பக்கம் போனது, எங்கள் ஆறு இடப்பக்கம் போனது.

நான் அவளைத்தான் குற்றம் சொன்னேன். அவள் என்னைச் சொன்னாள். அடிகளைத் திரும்பக் கூட்டிப் பார்த்தோம், இரண்டு பேருடையதும் சரியாக இருந்தது. சேர் தாள்களின் கால்மாட்டில் குந்தி நெடுநேரம் பார்த்தார். பிறகு என் தாளின் மூலையைத் தொட்டு,

"உம்மடை வடக்கு எங்கை?" என்றார்.

வடக்கை நான் போட்டிருக்கவில்லை. அவளும் போட்டிருக்கவில்லை. ஆற்றை முதுகுக்குப் பின்னால் விட்டு, மலையைப் பார்த்து நிற்பதுதான் எங்களுக்குப் பழக்கம். வேலைக்குப் போவதும் அப்படித்தான், கோயிலுக்குப் போவதும் அப்படித்தான். அதனால் இரண்டு பேரும் மலை உச்சியைத் தாளின் தலையில் வைத்திருந்தோம். அவளுடைய மலை வடக்கே ஏறுகிறது. எங்களுடையது தெற்கே ஏறுகிறது. சேரின் ஊரில் மலை கிடையாது. படத்துக்குத் தலை வடக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

அவர் என் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். ஆறு ஒன்றாகி ஒரே பக்கமாக ஓடியது. வகுப்பு கைதட்டியது. நான் எழுதிய பேர்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. அந்தப் பெண்ணின் தாளில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான் முழுப் படத்தையும் புதுத் தாளில் திரும்பப் போட்டேன், எங்கள் லயம் ஆற்றுக்கு அடியில் தொங்க, மலை உச்சி தாளின் ஓரத்தில் விழுந்துவிடுவது போல. இதுதான் சரி என்று தெரிந்தது. சரியானது ஏன் இவ்வளவு பிழையாகத் தெரிகிறது என்பது தெரியவில்லை.

கண்காட்சி அன்று அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் அவரை நேரே சுவரில் இருந்த படத்துக்குக் கூட்டிப் போனேன். நம்ம லயம் எது என்று கேட்டார். விரலால் காட்டினேன்.

"அது ஆத்துக்குக் கீழ இருக்கே. நம்ம வீடு மேலதான இருக்கு."

வடக்கு தலையில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கியது. வடக்கை அங்கே யார் வைத்தது என்று கேட்டார். அதை நான் படித்திருக்கவில்லை. அப்பா படத்தை இன்னொரு தரம் பார்த்தார். கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டார். என் பேர் பெரட்டில் கூப்பிடப்படுவது எனக்குக் கேட்டது போல இருந்தது.

நடுவில் மேசைகளைச் சேர்த்துக் களிமண் மலைகளை வைத்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் சேர் நிற்கச் சொன்ன தெற்குப் பக்கத்தில் நின்றார்கள். அப்பா மட்டும் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். குனிந்து, அந்தக் கரை மலைக்கு மேலாக எங்கள் பக்கம் பார்த்தார். அங்கிருந்து அவருக்கு ஆறு கிட்டத்திலும் எங்கள் மலை அதற்கு அப்பாலும் இருந்தது. விரல் லயத்தைத் தொடாமல் அதன் மேலாகப் போனது. தான் இந்த வருஷம் கவ்வாத்து வெட்டிய மலையைக் கண்டுபிடித்தார். பிறகு விரல் நின்றது.

"இங்கன பீலி இருக்கணுமே."

சேர் பக்கத்தில் வந்து, பீலி என்றால் என்னவென்று கேட்டார்.

"தண்ணி வுழுகுற எடம், அய்யா. மலைத் தண்ணிக்கு மூங்கில வச்சிருக்கோம். லயத்துக்காரங்க எல்லாம் அங்கதான் குடிக்கிறோம், குளிக்கிறோம்."

சேர் என்னைப் பார்த்தார். ஆறு வாரம் ஆற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துத் தெளியவைத்தேன். நாங்கள் குடிக்கும் தண்ணீரைப் படத்தில் வைக்க மறந்துவிட்டேன்.

திரும்பும்போது அப்பா முன்னால் நடந்தார். தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டினோம். குறுக்குப் பாதை ஏறத் தொடங்கும் இடத்தில், திரும்பாமலே கேட்டார்:

"அது இன்னும் முடியல இல்ல?"

முடிந்துவிட்டது. திங்கட்கிழமை களிமண்ணை உடைத்து ஆற்றங்கரையில் கொட்ட வேண்டும் என்று சேர் காலையிலேயே சொல்லியிருந்தார். அப்பாவிடம் நான் அதுவரை படிப்பைப் பற்றிப் பொய் சொன்னதில்லை.

"முடியலப்பா."

"அப்ப முடிச்சிட்டு வா. கணக்கப்பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கூடம் போனேன். தென்னோலை ஈர்க்கு அளவுக்கு ஒரு மூங்கில் குச்சியை லயத்துக்குப் பின்னால் மண்ணில் குத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து நானே அதை மலையோடு சேர்த்து வாளியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அடுத்த வருஷம் முடியும்போது அப்பா கேட்டார், முடிந்துவிட்டதா என்று. இல்லை என்றேன். அதற்கு அடுத்த வருஷமும் கேட்டார். என்னை நம்பித்தான் கேட்டாரா, இல்லை எனக்கு அந்தப் பதிலைச் சொல்ல இடம் கொடுத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்போது நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போன லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது பீலியடியில் குளித்துக்கொண்டே கேட்டார். இன்னும் இல்லை என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டு, சரி என்றார்.