அண்ணை பெயின்ற் அடித்த மூன்றாம் வகுப்பு

ஒரு சுவருக்குப் பெயின்ற் அடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

என் அண்ணையைக் கேட்டால், "காலமை தொடங்கினால் பின்னேரத் தேத்தண்ணிக்கு முதல் முடிச்சுப்போடுவன்" என்பார். பொய்யில்லை. வடமராட்சியில் அவர் தூரிகை படாத வீடு குறைவு. அப்படிப்பட்ட மனுசன் போன வாரம் என் வகுப்பறையின் ஒற்றைச் சுவரோடு திங்கள் தொடங்கி வெள்ளி வரை மல்லுக்கட்டினார்.

ஏன்? அதைத்தான் சொல்லப்போகிறேன். இந்த வாரம் கொஞ்சம் பெருமையடிப்பேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்பு ரீச்சர் என்பது இந்தப் பக்கத்தை வழமையாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். உடுப்பிட்டி தாண்டிக் கடற்கரைப் பக்கமாக வந்தால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். என் ஐயா கடற்தொழில். அவரும் அம்மாவும் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டாதவர்கள். அண்ணை இரண்டாம் வகுப்பு முடித்த கையோடு இடப்பெயர்வு வந்தது. ஊர் ஊராக அலைந்து ஒரு நிலைக்கு வருவதற்குள் அவருக்கு மீசை அரும்பிவிட்டது. சின்னப் பிள்ளைகளோடு போய் இருக்க வெட்கம். அத்தோடு படிப்பு நின்றது.

ஆக, எங்கள் குடும்பத்தில் மூன்றாம் வகுப்புக்குள் காலடி வைத்த முதல் ஆள் நான்தான்! அண்ணை அதையும் விடமாட்டார் — "எல்லாரும் படிச்சு மேலை போவினம். உவள் கம்பஸ் வரைக்கும் போயிட்டுத் திரும்பவும் மூண்டாம் வகுப்புக்கே வந்திட்டாள்!"

அண்ணையின் மகள் மதுஷா என் வகுப்பில்தான் படிக்கிறாள். சிக்கலே அங்கேதான் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். அண்ணை கதிரை நுனியில் இருந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"தங்கச்சி, கோவிக்காதை. அடுத்த தவணை பிள்ளையை ரவுணிலை பெரிய பள்ளிக்கூடத்திலை விடப்போறன்."

"ஏன் அண்ணை?"

"உன்ரை வகுப்பிலை என்னத்தைப் படிக்கிறாள்? வேப்பமிலை பொறுக்கிறாள். போத்திலிலை தண்ணி அளக்கிறாள். முந்தநாள் என்னைக் கூப்பிட்டு, 'அப்பா, எங்கடை கூரையிலை எத்தினை முக்கோணம் கிடக்கு' எண்டு கேக்கிறாள். உது படிப்பே?"

"மூண்டாம் வகுப்பிலை அப்பிடித்தான் படிக்கிறது."

"ஐஞ்சாம் வகுப்பிலை புலமைப்பரிசில் சோதினை வருகுது. அங்கை இப்பவே ரியூசனும் வைச்சுப் பிழிஞ்செடுக்கினமாம்."

பிள்ளை என்ன தேங்காய்ப்பூவா, பிழிந்தெடுக்க? வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஆனால் உள்ளுக்குள் நொறுங்கித்தான் போனேன். எங்களுடையது பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடம். ரீச்சரின் சொந்த அண்ணையே தன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அதைவிட, இந்தக் குடும்பத்திலிருந்து படித்து வந்து நான் செய்கிற வேலையை என் அண்ணையே விளையாட்டு என்று நினைத்தால்... நான் யாரிடம் போய்ச் சொல்ல?

படலை வரை போனவர் திரும்பி நின்றார். மனம் உறுத்தியிருக்க வேண்டும். "உன்ரை வகுப்புச் சுவர் பாக்கேலாமல் கிடக்கு. பிள்ளையை எடுக்க முதல் ஒருக்கா அடிச்சுத் தாறன்."

"அடியுங்கோ" என்றேன். சத்தியமாக அப்போது என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை.

திங்கட்கிழமை ஏணியும் வாளியுமாக வந்து இறங்கினார். பின்னேரங்களில் அவருக்கு வேறு வீட்டில் வேலை. அதனால் காலையில் அடிக்க அதிபர் சம்மதித்தார். பிள்ளைகளை மற்றப் பக்கம் நகர்த்திவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

முதலில் கணிதம். வகுப்பறையின் நீளத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டும், பிறகு அளக்க வேண்டும். கிருஷாந் எழும்பி, "நூறு மீற்றர் ரீச்சர்!" என்றான். ஏணியில் இருந்து சிரிப்புச் சத்தம். அளந்து பார்த்தோம். எட்டு மீற்றர் கூட இல்லை. கிருஷாந் அசரவில்லை. "அப்ப அடுத்த முறை குறைச்சுச் சொல்லுறன்" என்றான். பிழை விடலாம், விட்ட பிழையை அளந்தும் பார்க்கலாம். இதைவிடப் பெரிய கணிதம் உண்டா?

பிறகு தமிழ். கதையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தைப் பிள்ளைகளைக் கொண்டு சொல்லுவிப்பது என் வழக்கம். அன்றைக்கு வளைக்கு வழி தெரியாமல் நின்ற ஒரு நண்டின் கதை. நண்டு நடுக் கரையில் நிற்க, மணி அடித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணை வந்ததும் வராததுமாகக் கேட்டது என்ன தெரியுமா?

"அந்த நண்டு பிறகு வீட்டை போய்ச் சேந்ததோ?"

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஏணிக்கு எட்டின இடத்தில் ஒரு பாய் அளவு வெள்ளை. அவ்வளவுதான்!

புதன்கிழமை சுற்றாடல் பாடம். ஒரே அளவு ஈரத் துணி இரண்டு; ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். எது முதலில் காயும், ஏன் என்று விவாதம். தூரிகை அசையவில்லை. சிங்களப் பாடம் வந்தது. "ஒயாகே நம மொகத்த?" — உன் பெயர் என்ன என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு போனார்கள். கடைசிப் பிள்ளை குறும்புக்கு ஏணியைப் பார்த்துக் கேட்டது. மேலே இருந்து பதில் வந்தது: "மகே நம சிவம்!" வகுப்பே கை தட்டியது. அண்ணையின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமைதான் உச்சம்.

சுவரின் நடுவில் நாலு திசைகளையும் வரைந்து தரும்படி அண்ணையிடம் சொல்லியிருந்தேன். எனக்கு அலுவலகத்தில் ஒரு வேலை. திரும்பி வந்தால் வகுப்பு முழுக்கச் சத்தம்.

"ரீச்சர், மாமா பிழையாக் கீறிப்போட்டார்! வடக்கு சரிஞ்சு கிடக்கு!"

உண்மைதான். வடக்கு என்று எழுதிய அம்பு இடது பக்கமாகப் படுத்திருந்தது.

"என்னடா பிழை?" — அண்ணைக்கு ரோசம் வந்துவிட்டது. "கடல் உங்காலைதானே கிடக்கு? வடக்கு எண்டால் கடல். மேலை காட்டினால் அது வானமெல்லோ?"

எனக்கும் ஒரு நிமிடம் நியாயமாகத்தான் பட்டது! எங்கள் ஊரில் கடலைப் பார்த்து நிற்பவன் வடக்கைப் பார்த்து நிற்கிறான். சுவரில் இடது பக்கம்தான் கடல். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.

மதுஷா எழும்பினாள். மேசையில் இருந்த பெரிய கடதாசியில் நாலு திசையும் கீறித் தரையில் விரித்தாள்.

"அப்பா, இறங்கி வாங்கோ. உதிலை குந்துங்கோ."

அண்ணை குந்தினார்.

"இப்ப வடக்கைக் கடல் பக்கம் திருப்புறன். சரியோ?"

"ஓம். அதைத்தானே நான் கீறினனான்."

"பொறுங்கோ. நாங்கள் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறம். இப்ப கடதாசியை இப்பிடியே எங்களுக்கு முன்னாலை நிமித்துறன். வடக்கு எங்கை போச்சு?"

"...மேலை."

"இனி இதைக் கொண்டுபோய் எந்தச் சுவரிலை ஒட்டினாலும் மேலைதான். அது வானமில்லை அப்பா, படுத்துக் கிடந்த படம் எழும்பி நிக்குது."

அண்ணை குந்தினபடியே கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தானே ஒருமுறை அதைப் படுக்க வைத்தார், நிமிர்த்தினார். திரும்பவும் படுக்க வைத்தார்.

"இது எந்த வகுப்புப் பாடம்?"

"மூண்டாம் வகுப்பு."

"ம்... நான் போகாத வகுப்பு."

அவர் அதைச் சொன்ன விதத்தில் கவலை இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு அடுத்த பஸ்ஸில் யன்னல் சீற் கிடைத்த மாதிரி ஒரு முகம். வெள்ளையைத் தொட்டு அம்பை அழிக்கப் போனார். கிருஷாந் கத்தினான்: "அழிக்காதைங்கோ மாமா! அதிலை கடல் எண்டு எழுதுங்கோ!"

இன்றைக்கு எங்கள் வகுப்புச் சுவரில் வடக்கு மேலே பார்க்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன நீல அம்பு இடது பக்கம் காட்டுகிறது: கடல். இரண்டும் சரி. இதைத்தான் மூன்றாம் வகுப்பில் படிப்பிக்கிறோம் — வாசிக்க, அளக்க, பக்கத்து மொழியில் ஒரு பெயர் கேட்க, அப்பாவின் பிழையை அவர் மனம் நோகாமல் திருத்த. கொஞ்ச விசயமா?

வெள்ளிக்கிழமை சுவர் முடிந்தது. அண்ணை தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். கிட்டப் போனேன்.

"அப்ப அண்ணை... ரவுண் பள்ளிக்கூடம்?"

"அங்கை சுவரெல்லாம் புதுசாம்." தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு அங்கை என்ன வேலை?"

பிறகு மெதுவாகப் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார்.

"நாலாம் வகுப்புச் சுவரும் ஊத்தையாத்தான் கிடக்கு, என்ன?"

அதிபரிடம் சொல்லிவிட்டேன் — ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பெயின்ற் வாங்கி வைக்கச் சொல்லி!